பனியும் செக்ரோலும்: மலையகத்தில் ஒரு மர்ம நாவலைக் கட்டுவது எப்படி

இலங்கையின் மலையகத்தைக் களமாகக் கொண்டு மர்மக்கதை எழுத உட்காருபவர்களில் பெரும்பாலோர் முதல் அத்தியாயத்தைத் தேயிலைத் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் பங்களாவில்தான் தொடங்குகிறார்கள். எரியும் கணப்பு, பூட்டிய அறை, சுவரில் மாட்டிய மான் தலை, வெளியே மூடுபனி என்று எல்லாம் தயாராகக் கிடைக்கின்றன. நானும் அப்படித்தான் தொடங்கினேன். நாற்பது பக்கம் எழுதிய பிறகே, அந்தப் பங்களாவில் ஒளித்துவைக்கப்படும் இரகசியம் எங்கள் குடும்பங்களுடையது அல்ல என்பது உறைத்தது. எங்கள் குடும்பங்களின் இரகசியங்கள் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இருக்கின்றன; லயத்தில் இரகசியம் வேறு விதமாக இயங்குகிறது.

பழைய லயக் காம்பரா, அதாவது ஒரு குடும்பம் வாழும் அறை, ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி. இரண்டு காம்பராக்களுக்கு நடுவிலுள்ள சுவர் பல லயங்களில் கூரை வரை எழும்புவதில்லை. ஒரு வீட்டில் குழந்தை இருமினால் நான்காவது வீட்டில் கேட்கும். இப்படிப்பட்ட இடத்தில் ஒருவருக்கும் தெரியாமல் ஒரு காரியம் நடந்தது என்று எழுதினால் மலையக வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். அங்கு இரகசியம் என்பது எல்லோரும் அறிந்தும், பேசுவதில்லை என்று எல்லோரும் உடன்பட்ட ஒன்று. ஆகவே உங்கள் கதையில் துப்பறிபவர் நடந்தது என்ன என்பதைக் கண்டுபிடிப்பதோடு நிற்க முடியாது. அந்த லயத்தின் பன்னிரண்டு வீட்டாரும் ஏன் வாயை மூடிக்கொண்டார்கள் என்பதையும் அவர் கண்டுபிடிக்க வேண்டும். வாசகரை இறுதிப் பக்கம் வரை இழுத்துச் செல்வது இந்த இரண்டாவது கேள்விதான்.

அந்த மௌனத்துக்கு வலுவான காரணம் வேண்டும். காதலும் சொத்தும் எந்த ஊருக்கும் பொருந்துகிற காரணங்கள். எங்கள் வரலாற்றிலேயே அவற்றைவிடக் கூர்மையான ஒன்று இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், இந்திய வம்சாவளியினரான மலையக மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரையும் அவர்களது இயற்கைப் பெருக்கத்தையும் இந்தியா ஏற்கும் என்றும், 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கும் என்றும் வகுத்தது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. இந்தக் கணக்கில் அண்ணன் ஒரு பக்கமும் தம்பி மறுபக்கமும் விழுந்த குடும்பங்கள் ஏராளம். யார் யாருடைய பிள்ளை என்று எழுதப்பட்ட ஒரு வரி, ஒருவர் எந்த நாட்டில் சாவார் என்பதையே தீர்மானித்த காலம் அது. அப்படிப்பட்ட ஒரு வரியில் வேண்டுமென்றே எழுதப்பட்ட பொய்யை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் நாவலின் கரு அதில் இருக்கிறது.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கதையைக் கட்டிப் பார்ப்போம். நீலகிரி மாவட்டத்தின் கோத்தகிரியில் வாழும் ஒரு பேரன், அம்மாயி இறந்த பிறகு அவளுடைய டிரங்குப் பெட்டியில் தாயகம் திரும்பியோருக்கு வழங்கப்பட்ட குடும்ப அட்டையைக் காண்கிறான். அதில் பிள்ளைகள் ஐந்து பேர். அம்மாயி பெற்றதோ நான்கு. ஐந்தாவது பெயர் யாருடையது என்று கேட்டுக்கொண்டு அவன் கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டமொன்றுக்கு வருகிறான். அங்கே, 1971 ஜனவரியில், மற்றவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்துவந்த ஒரு மனிதர் காணாமல் போயிருக்கிறார். அந்த அட்டையில் உள்ள பொய்யை எழுதியவரும், பிறகு அதை வைத்துப் பணம் பறித்தவரும் அவரே. லயத்தில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: “அன்னைக்கு ராத்திரி கொட்டுற மழை தம்பி. அந்த மனுஷன் நானுஓயாவுக்குப் போயி மெயில் புடிச்சிப் போயிட்டாரு.”

இந்த இடத்தில்தான் குளிர் கதைக்குள் வர வேண்டும். பனியையும் குளிரையும் அலங்காரமாக மட்டும் பயன்படுத்துவதே இந்த வகைக் கதைகளில் நான் காணும் பெரிய குறை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கு வானிலிருந்து வெண்பனி பொழிவதில்லை. ஆனால் ஜனவரி, பெப்ரவரி மாத விடியல்களில் புல்லின் மீதும் மரக்கறித் தோட்டங்களின் மீதும் உறைபனி படிகிறது. வானம் தெளிவாக இருந்து, காற்றும் அடங்கிய இரவில் நிலம் தன் வெப்பத்தை வேகமாக இழப்பதால் அது உண்டாகிறது. முகில் மூடிய இரவில் அது படியாது. கொட்டும் மழையில் படியவே படியாது. கனமான குளிர்காற்று சரிந்து பள்ளத்தில் தங்குவதால், மேட்டு மலையைவிடப் பள்ளத்துக் கொழுந்துதான் முதலில் கருகும்.

இந்த அறிவை வைத்துத் தடயம் செய்யுங்கள். தோட்டங்களில் மழைமானி வைத்து, ஒவ்வொரு நாளும் பெய்த மழையின் அளவை ஒரு புத்தகத்தில் பதிவது வழக்கம். பேரன் அந்தப் பழைய புத்தகத்தைப் புரட்டும்போது, குறித்த நாளுக்கு நேரே பூச்சியம் என்று எழுதப்பட்டிருக்கிறது. பிறகு, அப்போது பத்து வயதுச் சிறுமியாக இருந்த ஒருத்தி, தான் சொல்வதன் பொருள் அறியாமலே ஒன்றைச் சொல்கிறாள்: அன்று விடியலில் பள்ளத்துப் புல்லெல்லாம் வெள்ளையாக இருந்தது, நடுவில் ஓர் ஆள் நீளத்துக்கு மட்டும் பச்சையாக இருந்தது. மூடப்பட்ட புல்லில் உறைபனி படியாது. அந்த இடத்தில் இரவு முழுவதும் ஏதோ கிடந்து, வெயில் ஏறுவதற்கு முன் அப்புறப்படுத்தப்பட்டிருக்கிறது. மழை என்று பன்னிரண்டு வீட்டார் ஒரே குரலில் சொன்ன பொய் இங்கே உடைகிறது. இதை யாரும் விளக்கி உரையாற்ற வேண்டியதில்லை. சிறுமியின் நினைவை நூறாம் பக்கத்திலும் பூச்சியத்தை நூற்றெழுபதாம் பக்கத்திலும் வைத்துவிட்டு, வாசகரே இரண்டையும் சேர்க்க விடுங்கள்.

மாதத்தையும் மலைச்சரிவையும் பொருத்திப் பார்க்காமல் எழுதாதீர்கள். மஸ்கெலியா, ஹட்டன் பக்கத்துப் பெருமழை மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவத்துக்குரியது. பதுளைப் பக்கத்துக்குப் பெருமழை தருவது ஆண்டின் கடைசி மாதங்களில் வரும் வடகீழ்ப் பருவம். பட்டிப்பொலைக்கும் ஒஹியாவுக்கும் நடுவிலுள்ள சுரங்கத்துக்குள் மழையோடு நுழைந்த ரயில் மறுபக்கம் வெயிலில் வெளிப்படுவதைப் பயணித்தவர்கள் அறிவார்கள். வேறு கதை தேடுபவர்களுக்கு ஒரு குறிப்பு: மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்காக மூழ்கடிக்கப்பட்ட பழைய மஸ்கெலியா நகரின் கோயில், நீர்மட்டம் தாழும் காலங்களில் வெளியே தெரியும். தண்ணீருக்குள் போடப்பட்ட ஒன்று திரும்பி வருவதற்கு இதைவிட இயல்பான வழி எனக்குத் தோன்றவில்லை.

எழுதத் தொடங்குமுன் வயதுக் கணக்கைப் போடுங்கள். 1971இல் இருபது வயதாக இருந்தவருக்கு 2025இல் 74 வயது. அன்று நாற்பது வயதாக இருந்த கங்காணி இன்று உயிரோடு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆகவே குற்றத்தைச் செய்தவரைவிட, அதைப் பார்த்த சிறுவர்களே இன்றைய சாட்சிகள். ஆண்டைத் தேர்வதிலும் காரணம் இருக்கட்டும். 1971 ஏப்ரலில் தெற்கில் இளைஞர் கிளர்ச்சி வெடித்ததால், ஜனவரியில் காணாமல் போன ஒரு மனு எழுத்தாளரைப் பொலிஸ் ஏன் தொடர்ந்து தேடவில்லை என்ற கேள்விக்கு நீங்கள் தனியாகப் பதில் புனைய வேண்டியதில்லை.

ஏடுகள் எங்கே கிடைக்கும் என்பதிலும் கவனம் வேண்டும். தோட்டங்கள் 1970களின் நடுவில் அரசுடைமையாகி, 1992இல் மீண்டும் கம்பனிகளின் நிர்வாகத்துக்குச் சென்றன. கைமாறிய ஒவ்வொரு முறையும் சில அலுமாரிகள் காலியாகியிருக்கும் என்று எழுதலாம். அலுவலகத்தில் இல்லாத 1971ஆம் ஆண்டுச் செக்ரோல், அதாவது தொழிலாளர் வரவுப் பதிவேடு, ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவரின் வீட்டில் கிடைக்கலாம். அதைத் திறந்தால், மறுநாள் பெரட்டுக்கு (வேலை பிரித்துக் கொடுக்கும் காலைக் கூட்டத்துக்கு) வராத நான்கு பேரின் பெயர்களுக்கு நேரே கோடு இருக்கும். பிறப்புப் பதிவைத் தேடும் காட்சி எழுதினால், பிரதேச செயலகத்துக்குப் போன உடனே எல்லாம் கிடைத்துவிடுவதாகக் காட்டாதீர்கள். அன்று பெயர்களை எழுதியவர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். ஒரே ஆள் ஓர் ஏட்டில் கருப்பையாவாகவும் மற்றொன்றில் கறுப்பனாகவும் இருப்பான். அந்தத் தடுமாற்றம் உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் ஒரு திருப்பம்.

அச்சமூட்டும் காட்சிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஓடித் துரத்துவது தேயிலை மலையில் நடக்காது; கவ்வாத்து வெட்டிய செடியின் குச்சிகள் காலைக் கிழிக்கும், மூடுபனியில் கான் (வடிகால்) எங்கே இருக்கிறது என்று தெரியாது. டோர்ச் வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பித் தன் முகத்திலேயே விழும் ஒரு மனிதன், சற்றுத் தொலைவில் யாரோ கம்பளியை உதறும் சத்தத்தைக் கேட்டால் போதும்.

முடிவைப் பற்றி என் விருப்பம் இது. ஐந்தாவது பிள்ளை பேரனின் சொந்தத் தாய்தான் என்று வையுங்கள்; அவளைக் காப்பாற்றவே பன்னிரண்டு வீட்டாரும் மழை பெய்ததாகச் சொன்னார்கள் என்றும் வையுங்கள். மழை அளவுப் புத்தகம் இப்போது அவன் கையில் இருக்கிறது. லயத்தின் இஸ்தோப்பில் (திண்ணையில்) உட்கார்ந்திருக்கும் கிழவர் அவனுக்குச் சாயத் தேத்தண்ணீரை நீட்டியபடி, “மழ பேஞ்சுச்சா தம்பி?” என்று கேட்கிறார். அவன் சொல்லும் பதிலை நாவலின் கடைசி வரியாக எழுதுங்கள்.