பழைய காரின் பிரேக் லைன்: பெடல் நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள்

அப்பாவின் 2001 மாடல் மாருதி 800 அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பெங்களூர் அல்சூர் ஏரிக்கரை ரோட்டில் முன்னால் போன ஆட்டோ நின்றதும் பிரேக்கை மிதித்தேன். பெடல் பாதிவரை வழக்கம்போல வந்தது. அப்புறம் கால் சட்டென்று கீழே இறங்கிவிட்டது. ஹேண்ட்பிரேக்கையும் சேர்த்து இழுத்ததில் வண்டி எப்படியோ நின்றது, ஆட்டோவுக்கு ஒரு சாண் தள்ளி. இறங்கிக் குனிந்து பார்த்தால் பின்சக்கரத்துக்கு முன்னால் தார் ரோட்டில் பிரேக் ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. முந்தின நாள்வரை அந்தப் பெடலில் ஒரு குறையும் தெரியவில்லை. அடுத்த வாரம் அத்தை வீட்டுக் காதுகுத்துக்காக அதே வண்டியில் நாலு பேர் சேலம் கிளம்புவதாக இருந்தோம். வழியில் தொப்பூர் கணவாய் இறக்கம்.

அன்றிலிருந்து பழைய கார் வைத்திருக்கும் யாரைப் பார்த்தாலும் பிரேக் லைனைப் பார்த்தீர்களா என்றுதான் கேட்கிறேன். பெடலை மிதிக்கும் அழுத்தத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் ஆயில் பைப்புகளும் ஹோஸ்களும்தான் அந்த லைன். "பிரேக் நல்லாப் பிடிக்குதே" என்பதுதான் பெரும்பாலும் பதில். முதல் தவறே அதுதான்.

பிரேக் பேட் தேய்ந்தால் சத்தம் வரும், டிரம் தேய்ந்தால் பெடல் இறங்கும். லைன் அப்படி முன்கூட்டியே சொல்லாது. இரும்புப் பைப்பின் சுவர் துருவில் முக்கால்வாசி கரைந்துபோயிருந்தாலும், மிச்சம் இருக்கும் மெல்லிய தகடு தாங்கும்வரை பெடல் கல்லு மாதிரிதான் இருக்கும். டயரில் நாம் அடிக்கும் காற்று 30 பி.எஸ்.ஐ. அளவில் இருக்கும். அவசரமாக ஓங்கி மிதிக்கும்போது பிரேக் லைனுக்குள் அழுத்தம் 1000 பி.எஸ்.ஐ.யைத் தாண்டும். அதனால் நலிந்த பைப் வெடிக்கிற நேரம், நமக்கு பிரேக் மிக அவசியமான அதே நேரமாக இருப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். சில்க் போர்டு நெரிசலில் ஊர்ந்துகொண்டே தினமும் ஆயிரம் தடவை லேசாக மிதிப்பது லைனுக்குப் பரீட்சையே இல்லை. 900 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும் பெங்களூரிலிருந்து எந்தப் பக்கம் தமிழ்நாட்டுக்குப் போனாலும் இறக்கம்தான். தொப்பூரோ திம்பமோ, அங்கேதான் உண்மை தெரியும்.

எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) ஆகிவிட்டது என்று நம்பியிருப்பதும் இதே கதைதான். 15 வருடம் முடிந்த சொந்தக் காருக்கு ஆர்.சி.யை 5 வருடத்துக்கு நீட்டித் தருகிறார்கள். அந்த 5 வருடத்தில் எத்தனை மழைக்காலம் வந்துபோகும்! அன்று பிரேக் பிடித்தது என்பதற்குத்தான் அந்தக் காகிதம் சாட்சி.

பார்க்க வேண்டிய இடமும் பார்க்கும் இடமும்

பானெட்டைத் திறந்து, மிதித்ததும் ஆயிலை லைனுக்குள் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பக்கம் நாலு பைப்பைப் பார்த்து "துரு இல்லை" என்று மூடிவிடுகிறோம். அங்கே துரு பிடிப்பது கடைசியில்தான். முதலில் போவது கிளிப் பிடித்திருக்கும் இடங்கள். அந்தப் பிளாஸ்டிக் கிளிப்புக்குள் சேறும் தண்ணீரும் தங்கி, வண்டி காய்ந்த பிறகும் உள்ளே ஈரம் நிற்கும். அடுத்து பெட்ரோல் டேங்குக்கு மேலே, பின் ஆக்ஸில் மேலே வளைந்து போகும் பகுதி, பைப்பும் ரப்பர் ஹோஸும் சேரும் பிராக்கெட். எங்கள் வண்டியில் ஓட்டை விழுந்தது ஒரு கிளிப்புக்கு அடியில். கிளிப்பைக் கழற்றி மெக்கானிக் அண்ணன் நகத்தால் சுரண்டினார். பைப்பின் மேல்தோல் வெங்காயச் சருகு மாதிரி உரிந்து வந்தது. அதற்கு இரண்டு விரல் தள்ளி, வெளியே தெரியும் பகுதி புதுசு போல இருந்தது.

அது புதுசு போல இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இரண்டு வருடம் முன்பு ஓர் ஒர்க்‌ஷாப்பில் அண்டர்பாடி கோட்டிங் அடித்திருந்தோம். அடியைச் சுத்தம் செய்யாமல், இருந்த துருவின் மேலேயே, பிரேக் பைப்பையும் சேர்த்துக் கறுப்பாகப் பூசிவிட்டார்கள். ஈரம் உள்ளேயே சிக்கிக்கொண்டது, பார்க்கிற கண்ணுக்கும் மறைந்துபோனது. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். அடிப்பக்கம் பளபளவென்று புதுக் கறுப்பாக இருந்தால் சந்தோஷப்பட வேண்டாம், கிளிப்புகளைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். 2022 செப்டம்பர் மழையில் பெல்லந்தூர், யமலூர் பக்கம் தண்ணீரில் நின்ற வண்டிகள் எத்தனையோ. அப்படி ஒரு வண்டி கைமாறி உங்களிடம் வந்திருந்தால் இந்த வேலையைத் தள்ளிப்போடவே கூடாது.

பைப் வெறும் மேல்துருவா, உள்ளே அரித்த துருவா என்று பார்க்க உப்புத்தாளை எடுத்துக்கொண்டு தேய்க்க ஆரம்பிப்பதும் தவறு. மிச்சமிருக்கும் பூச்சும் போய்விடும். துணியால் துடைத்து, நகத்தால் சுரண்டிப் பாருங்கள். குழி தெரிந்தாலோ செதில் உரிந்தாலோ அந்தப் பைப்பின் ஆயுள் முடிந்தது. அதே வயதுள்ள மற்ற பைப்புகளும் அதே மழையில்தான் நனைந்தன. ஒன்றை மாற்றும்போது எல்லாவற்றையும் மாற்றிவிடுவதே நல்லது என்பது என் கருத்து. வண்டியை ஜாக்கியில் மட்டும் தூக்கிவிட்டு அடியில் போகாதீர்கள். ஸ்டாண்டு வைத்த பிறகுதான் தலையை உள்ளே விட வேண்டும்.

பிரேக் ஆயில் ஊற்றி வைக்கும் ரிசர்வாயரில் ஆயில் குறைந்தால் ஊற்றி நிரப்பிவிட்டு மறந்துவிடுவது இன்னொரு பழக்கம். பேட் தேயத் தேய அளவு கொஞ்சம் இறங்குவது இயல்பு. அது இல்லாமல் குறைந்தால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம்.

ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாக இருந்தும் உள்ளே கெட்டிருக்கலாம். உள்சுவர் ஊதி வழியை அடைத்துக்கொண்டால், மிதிக்கும் வேகத்தில் ஆயில் சக்கரத்துக்குப் போய்விடும், காலை எடுத்தால் திரும்பி வராது. அந்தச் சக்கரம் பிடித்தபடியே சுழன்று சூடேறும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பலர், சக்கரத்தில் பேடை அழுத்திப் பிடிக்கும் காலிப்பரை மாற்றிப் பணத்தைத் தொலைப்பது இந்த இடத்தில்தான். எஞ்சின் ஓடும்போது ஒருவர் பெடலை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் ஹோஸைப் பார்க்க வேண்டும். எங்காவது புடைத்தால் மாற்றியாக வேண்டும். வேலை செய்யும்போது காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாதீர்கள், கம்பி போட்டுக் கட்டுங்கள். ஆயில் வராமல் இருக்க ஹோஸை வைஸ் கிரிப்பால் நசுக்கினால் உள்ளே கிழியும்.

ஒட்டுப்போடும் வேலை

இதை நான் கொஞ்சம் கோபத்தோடே சொல்கிறேன். ஓட்டை விழுந்த இடத்தில் எம்-சீல் அப்புவது, பற்றவைப்பது, நடுவில் வெட்டிவிட்டுத் தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற மாதிரி கம்ப்ரஷன் ஜாயிண்ட் போடுவது, மரையில் டெஃப்லான் டேப் சுற்றுவது, கசியும் சக்கரத்துக்குப் போகும் லைனை மடக்கி நசுக்கி அடைத்துவிட்டு "மத்த சக்கரம் பிடிக்கும், ஓட்டுங்க" என்பது எல்லாமே நடக்கிறது. எதுவுமே 1000 பி.எஸ்.ஐ.க்கு நிற்காது. டேப் சுற்றுவதில் அர்த்தமே இல்லை, ஏனென்றால் இங்கே ஆயிலைத் தடுப்பது மரை கிடையாது. பைப்பின் முனையில் விரித்து மடித்திருக்கும் ஃபிளேர் அதன் இருக்கையில் இறுகி உட்காருவதுதான் தடுக்கிறது.

ஏ.சி. வேலைக்கு விற்கும் செப்புப் பைப்பைப் போடுவதும் ஆபத்து. வளைக்க வசதியாக இருக்கும், துருவும் பிடிக்காது. ஆனால் வெறும் செம்பு அதிர்வில் இறுகி, நாளடைவில் விரிசல் விடும். பிரேக்குக்கென்றே செய்த இரட்டைச் சுவர் இரும்புப் பைப் வாங்குங்கள். செம்பும் நிக்கலும் கலந்த பிரேக் பைப் கிடைத்தால் இன்னும் நல்லது. அது துருப்பிடிக்காது, கையாளவும் சுலபம். சிவாஜிநகர் குஜ்ரியில் (பழைய பாகச் சந்தையில்) கழற்றிய பாகம் எவ்வளவோ வாங்கலாம், நானும் வாங்கியிருக்கிறேன். பிரேக் பைப்பையும் ஹோஸையும் மட்டும் அங்கே வாங்காதீர்கள்.

ஜே.சி. ரோட்டில், பைப்பின் முனையை இறுக்கிப் பிடிக்கும் யூனியன் நட் வாங்கும்போது ஒரு நுணுக்கம் இருக்கிறது. அம்பாசடர், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வழிவந்த வண்டி. அந்த வம்சத்தில் அங்குல மரை, பெரும்பாலும் 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. மாருதி போன்ற ஜப்பான் வழி வண்டிகளில் பெரும்பாலும் 10 மி.மீ., பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி) 1 மி.மீ. 3/8 அங்குலம் என்றால் 9.5 மி.மீ.தான். அந்த நட்டை 10 மி.மீ. துளையில் விட்டால் லொடலொடவென்று ஏறும், கடைசியில் இறுகியது போலவும் இருக்கும். முழு பலத்தோடு மிதிக்கும்போது பிடுங்கிக்கொள்ளும். பழைய நட்டைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். ஃபிளேரும் எல்லா வண்டிக்கும் ஒன்றல்ல. ஜப்பான் வண்டிகளில் உள்பக்கம் மடித்த இரட்டை ஃபிளேர், ஐரோப்பிய வண்டிகள் பலவற்றில் குமிழ் ஃபிளேர். ஒன்றின் இருக்கையில் மற்றது உட்காராது.

கழற்றும்போது சாதாரண ஓப்பன் ஸ்பேனர் போட்டால் நட்டின் முனை மழுங்கிவிடும். வாய் திறந்த ரிங் மாதிரி இருக்கும் ஃபிளேர் நட் ஸ்பேனர்தான் இதற்கானது. முந்தின நாள் ராத்திரியே துரு இளக்கும் ஆயில் அடித்து வையுங்கள். புதுப் பைப்பை ஹாக்ஸாவில் அறுக்காமல் டியூப் கட்டரில் வெட்டி, பிசிறு எடுத்து, ஊதிச் சுத்தம் செய்யுங்கள். ஃபிளேர் போடும் முன் நட்டை மாட்டிவிட்டீர்களா என்று பாருங்கள். மறக்காதவர் யாரும் இல்லை, மறந்தால் அந்த முனையை வெட்டிவிட்டு மறுபடி போட வேண்டியதுதான். முழங்காலில் வைத்து வளைத்தால் பைப் நசுங்கும், பெண்டர் வேண்டும். பழைய பைப் போன வழியிலேயே புதியதும் போகட்டும், சைலன்ஸர் பக்கம் ஒட்டாமல். எல்லாக் கிளிப்பும் திரும்ப வர வேண்டும். இரண்டைக் குறைத்துவிட்டால் பைப் ஆடி, உரசி, சில மாதங்களில் அங்கேயே தேயும். நட்டை முதல் சில மரைகள் விரலாலேயே ஏற்றுங்கள். ஃபிளேரை வெடிக்க வைக்கிற அளவுக்கு மிதமிஞ்சி இறுக்கவும் வேண்டாம். காலிப்பரில் ஹோஸ் சேரும் இடத்துக் காப்பர் வாஷர்கள் ஒவ்வொரு முறையும் புதிதாக.

ஆயிலும் ஏர் எடுப்பதும்

பிரேக் ஆயில் என்று நாம் சொன்னாலும் அது எஞ்சின் ஆயில் இனம் இல்லை. அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ ஊற்றினால், பெட்ரோல், மண்ணெண்ணெய் கொண்டு பாகங்களைக் கழுவினால், உள்ளே இருக்கும் ரப்பர் எல்லாம் ஊதிக் கெடும். பிரேக் கிளீனர் மட்டும் பயன்படுத்துங்கள். பெயிண்டில் பிரேக் ஆயில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

இந்த ஆயில் காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும். டாட் என்பது இந்த ஆயிலின் தரக் குறியீடு. புதிய டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த அளவு 140 வரை இறங்கிவிடலாம். டாட் 4-க்கு இது 230-ம் 155-ம். கணவாய் இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே போனால் அந்தச் சூடு வந்துவிடும். ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சாகும். போன வருடம் திறந்த பாதி டின்னை மிச்சம் பிடிக்காதீர்கள். மூடியில் எந்த டாட் என்று எழுதியிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். டாட் 5 என்பது சிலிக்கோன், அதை மற்றவற்றோடு கலக்கக் கூடாது.

ஏர் எடுக்கும்போது, அதாவது லைனுக்குள் சிக்கிய காற்றை வெளியேற்றும்போது, நடக்கும் தவறு ஒன்று புதிய பைப் போட்ட சந்தோஷத்தையே கெடுத்துவிடும். பெடலைத் தரைவரை ஓங்கி ஓங்கி மிதிப்பார்கள். பழைய மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் வழக்கமாகப் போகாத ஆழத்தில் துருவும் கசடும் படிந்திருக்கும். ரப்பர் அதில் உரசிக் கிழிந்தால், மறுநாள் மாஸ்டர் சிலிண்டரும் போச்சு. பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்து, பாதி தூரம் மட்டும் மிதிக்க வையுங்கள். ரிசர்வாயர் காலியாகாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் தனியாக வேண்டும். பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து தொடங்குவார்கள், நம் வலப்பக்க ஸ்டீயரிங் வண்டிகளில் அது பின் இடது. குறுக்காகப் பிரித்த சர்க்யூட் (ஒரு முன்சக்கரமும் எதிர்மூலைப் பின்சக்கரமும் ஒரே இணைப்பில்) என்றால் வரிசை மாறும், அந்த வண்டியின் மேனுவலில் இருப்பதைப் பின்பற்றுங்கள்.

முடிந்ததும் நேராக ரோட்டுக்குப் போகாதீர்கள். எஞ்சினை ஓடவிட்டு ஒரு நிமிடம் பெடலை அழுத்திப் பிடியுங்கள், இறங்கக் கூடாது. ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, ஹோஸ் எங்கும் உரசவில்லை, முறுக்கவில்லை என்று பாருங்கள். அப்புறம் காலியான தெருவில் மெதுவாக ஓட்டி நாலைந்து முறை நிறுத்துங்கள். மறுநாள் காலை வண்டியை எடுக்கும் முன் ஒவ்வொரு ஜாயிண்டையும் டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுங்கள். எங்கள் மாருதியில் ஏழு காய்ந்திருந்தது, எட்டாவதில் மட்டும் பொட்டளவு ஈரம். அதைக் கழற்றி, ஃபிளேரை வெட்டிவிட்டுப் புதிதாகப் போட்டு, இன்னொரு ராத்திரி காத்திருந்து பார்த்த பிறகுதான் சேலத்துக்குக் கிளம்பினோம்.