உங்கள் குரல் தாளத்துக்குப் பின்தங்குவது ஏன்? பாடகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாடக் கற்கத் தொடங்குவோரின் ஒலிப்பதிவுகளைக் கேட்கும்போது, ஒரு காலத்தில் நானே செய்த தவறுகள் அப்படியே திரும்பி வருகின்றன. கைத்தாளம் இல்லாமல் பயில்வது, போகப்போக வேகம் கூடிவிடுவது போன்றவற்றை எந்த ஆசிரியரும் தொடக்கத்திலேயே திருத்திவிடுவார் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

மெய்யொலியைத் தட்டின்மேல் வைப்பது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். ஓர் அசை எந்த நொடியில் விழுந்தது என்பதை நம் செவி பெரும்பாலும் அதன் உயிரொலி தொடங்கும் இடத்தைக் கொண்டே கணிக்கிறது. 'சா' என்று பாடும்போது உரசலான மெய்யொலி முதலில் வந்து, அதன் பிறகே 'ஆ' பிறக்கிறது. அந்த உரசலைத் தட்டின்மேல் தொடங்குபவருக்கு உயிரொலி 100 மில்லிவிநாடி வரைகூடப் பிந்திவிடலாம். நிமிடத்துக்கு 120 தட்டுகள் என்ற வேகத்தில் ஒரு தட்டின் நீளமே 500 மில்லிவிநாடிதான் என்பதால், அந்தப் பிசகு யார் காதுக்கும் தப்பாது. மெய்யொலியை முந்தைய தட்டின் கடைசியிலேயே தொடங்கி, உயிரொலியைத் தட்டின்மேல் இறக்க வேண்டும்.

லய ஞானம் பிறவியிலேயே இல்லை என்று முந்தைய ஆசிரியர் சொன்னதை நம்பி, பல ஆண்டுகள் பாட்டையே விட்டிருந்த மாணவி ஒருவர் என்னிடம் வந்தார். அவருடைய கைத்தாளத்தில் குறையே இல்லை. பாட்டு முழுவதையும் 'ஆ' என்ற ஒலியில் மட்டும் பாடச் சொன்னபோது, ஓரிடத்திலும் அவர் தவறவில்லை. சொற்களோடு பாடியபோது மட்டும், ச, ம, ந ஆகியவற்றில் தொடங்கும் வரிகள் பிந்தின. சில வகுப்புகளில் அது சரியாகிவிட்டது.

2022-இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு, 6 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளிலிருந்து, தாளத் திறனோடு தொடர்புடைய 69 மரபணு இடங்களை அடையாளம் கண்டது. ஆனால், இசையின் தட்டுக்கு ஒத்துக் கைதட்ட முடியுமா என்பதே அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்வி. அந்தத் திறன் என் மாணவிக்கு முன்பே இருந்தது. வாய்க்குத்தான் பயிற்சி தேவைப்பட்டது. இந்த இரண்டையும் பிரித்துச் சோதிக்காமல் ஒருவருடைய திறமையைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது பொறுப்பற்ற செயல் என்றே கருதுகிறேன்.

பாட வேண்டிய தட்டில் மூச்சை இழுப்பது

மூச்சு முந்தைய தட்டிலேயே முடிந்திருக்க வேண்டும்.

ப்ளூடூத் ஹெட்போனோடு பதிவுசெய்வது

வேண்டாம். கருவியின் தாமதத்தை உங்களுடையது என்று எண்ணிக்கொள்வீர்கள்.

மெட்ரோனோமை ஓயாமல் ஒலிக்கவிடுவது

மெட்ரோனோம் என்பது சீரான இடைவெளியில் தட்டொலி எழுப்பும் கருவி. எப்போதும் ஒலித்துக்கொண்டிருக்கும் அதைப் பின்தொடரப் பழகியவர், அது நின்றதும் தடுமாறுகிறார். இரண்டு சுற்றுகள் ஒலிக்கவும் அடுத்த இரண்டு சுற்றுகள் மௌனமாக இருக்கவும் அமைத்துக்கொண்டு பாடுங்கள். ஒலி திரும்பும் தட்டில் உங்கள் உயிரொலி முந்துகிறதா, பிந்துகிறதா என்பதைப் பதிவில் கேட்டுக் குறித்துக்கொண்டு, சறுக்கிய வரியை மட்டும் 'ஆ' ஒலியில் ஒருமுறையும் சொற்களோடு ஒருமுறையும் மறுபடி பாடிப் பாருங்கள்.