ஆக்சிகானை லென்ஸாக நினைத்தால் வரும் வினைகள்

ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் தாழ்ந்த கூம்பு. ஆக்சிகான் என்ற கண்ணாடி அவ்வளவுதான். கூம்பின் சரிவு 1 டிகிரிதான் என்றால், கையில் எடுத்துப் பார்க்கும்போது சாதாரண வட்டக் கண்ணாடி போலவே இருக்கும். விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் நடுவில் முனை இருப்பது தெரியும். லேசர் வேலையில் இதற்கு நல்ல மதிப்பு இருக்கிறது: கண்ணாடி வெட்ட, திசுக்களைப் படம் எடுக்க, நுண்துகள்களைப் பிடித்து வைக்க, பிளாஸ்மாவில் நீளமான தடம் போட.

இதைக் கையாளும்போது வரும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன. லென்ஸோடு பழகிய கையும் மனமும் இதையும் ஒரு லென்ஸ் என்றே எடுத்துக்கொள்கின்றன. லென்ஸில் விளிம்புக்குப் போகப் போகக் கதிர் அதிகமாக வளையும், அதனால் எல்லாக் கதிர்களும் ஒரு புள்ளியில் கூடும். ஆக்சிகானில் எங்கே பட்டாலும் ஒரே கோணம்தான் வளையும். முனைக்கு அருகே நுழைந்த கதிர் அச்சைச் சீக்கிரமே கடக்கும், விளிம்பில் நுழைந்தது வெகு தூரம் போய்க் கடக்கும். ஆகவே இதற்குக் குவியத்தூரம் என்று ஒன்று கிடையாது. 'இதோட ஃபோகல் லெங்த் எவ்வளவு' என்று கேட்கிறோம் என்றால் தவறு அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

எந்தக் கோணம்?

வாங்கும்போதே ஒரு குழப்பம் காத்திருக்கிறது. சிலர் கூம்பின் அடிக்கோணத்தைச் சொல்வார்கள், சிலர் முனைக்கோணத்தைச் சொல்வார்கள். 178 டிகிரி முனைக்கோணமும் 1 டிகிரி அடிக்கோணமும் ஒரே பொருள்தான். 180லிருந்து 178ஐக் கழித்து '2 டிகிரி ஆக்சிகான்' என்று குறித்துக்கொண்டால் மற்ற எல்லாக் கணக்கும் இரண்டு மடங்கு பிசகும். இந்த இரண்டோடு ஒளிக்கற்றை வளையும் கோணம் என்று மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. ஒளிவிலகல் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து அடிக்கோணத்தால் பெருக்கினால் அது கிடைக்கும். பியூஸ்டு சிலிக்காவுக்குப் பச்சை ஒளியில், அதாவது 532 நானோமீட்டரில், ஒளிவிலகல் எண் சுமார் 1.46. அடிக்கோணம் 1 டிகிரி என்றால் வளைவு 0.46 டிகிரி.

இந்தச் சுருக்கு வழி சிறிய கோணங்களுக்கு மட்டும்தான். அடிக்கோணம் 20 டிகிரி என்றால் சுருக்கு வழி 9.2 என்று சொல்லும், முழுக் கணக்குப் போட்டால் 10 டிகிரிக்குப் பக்கம் வரும். 43 டிகிரியைத் தாண்டிவிட்டால், தட்டைப் பக்கத்தில் நேராக நுழைந்த ஒளி கூம்புப் பரப்பில் முழு அக எதிரொளிப்பு ஆகி வெளியே வரவே வராது.

இனி வரும் எண்களுக்கெல்லாம் ஒரே அமைப்பை வைத்துக்கொள்வோம்: 1 டிகிரி சிலிக்கா ஆக்சிகான், பச்சை லேசர், காஸியன் கற்றை (நடுவில் செறிவு அதிகம், ஓரம் போகப் போக மங்கும் கற்றை), ஆரம் 5 மி.மீ.

'விரியவே விரியாத' கற்றை

கூம்பிலிருந்து எல்லாத் திசையிலிருந்தும் ஒரே சாய்வில் வரும் அலைகள் அச்சில் ஒன்றையொன்று கடக்கும்போது குறுக்கீட்டு விளைவு நடக்கிறது. நடுவில் கூர்மையான ஒரு கரு, சுற்றிலும் வளையம் வளையமாக ஒளி. இதுதான் பெசல் கற்றை. 1987ல் டர்னினும் கூட்டாளிகளும் விளிம்பு விளைவால் அகலாத கற்றை என்று இதைச் செய்து காட்டிய பிறகு பெயர் பரவியது. அந்தச் சோதனையில் ஆக்சிகான் இல்லை, வளையவடிவத் துளையும் ஒரு லென்ஸும்தான். ஆக்சிகானோ அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. 1954ல் கோடாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் மெக்லியாட் அதற்குப் பெயர் வைத்து விவரித்துவிட்டார். இரண்டு வேலையும் நடந்தது நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் ஊரில் என்பது ஒரு வேடிக்கை.

சரி, விரியாத கற்றை என்றால் எவ்வளவு தூரத்துக்கு? கணிதத்தில் வரும் முழுமையான பெசல் கற்றைக்கு முடிவில்லாத ஆற்றல் வேண்டும். நம் மேசையில் இருப்பதற்கு ஓர் எல்லை உண்டு: கற்றையின் ஆரத்தை வளைவுக் கோணத்தின் டேன்ஜென்டால் வகுத்தால் வரும் நீளம். நம் அமைப்பில் அது சுமார் 62 செ.மீ. கருவின் ஆரம், முதல் இருண்ட வளையம் வரை, 25 மைக்ரான். இந்த 62 செ.மீ. முழுக்க ஒரே பிரகாசமாக இருக்கும் என்று நம்புவது அடுத்த தவறு. காஸியன் கற்றையை உள்ளே விட்டால் அச்சில் செறிவு மெல்ல ஏறி, பாதித் தூரத்தில், அதாவது 31 செ.மீ. அருகே உச்சம் தொட்டு, பிறகு இறங்கும். மாதிரியை வைக்க வேண்டிய இடம் அந்த உச்சத்தைச் சுற்றித்தான்.

தடையைத் தாண்டித் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் என்ற புகழும் இதற்கு உண்டு. உண்மைதான். 100 மைக்ரான் ஆரமுள்ள தூசி நடுவில் நின்றால் சுமார் 12 மி.மீ. தள்ளிக் கரு மறுபடி உருவாகிவிடும். ஆனால் இழந்த ஒளி திரும்பி வருவதில்லை, வெளி வளையங்களில் இருந்த ஒளி உள்ளே வந்து சேர்கிறது. வளையங்கள் வீண் என்று துளை வைத்து வெட்டிவிட்டால் கருவும் சேர்ந்து போய்விடும். 2002ல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகக் குழு இந்தக் குணத்தை வைத்துத்தான், ஒரே கற்றையில் ஒன்றுக்குப் பின் ஒன்றாக இருந்த இரு அறைகளில் துகள்களைப் பிடித்துக் காட்டியது.

கருவில் எவ்வளவு ஒளி

இதைத்தான் அதிகம் பேர் மறக்கிறார்கள், இதற்குத்தான் பெரிய விலையும் கொடுக்கிறார்கள். பெசல் கற்றையில் ஒவ்வொரு வளையமும் கருவுக்கு ஏறத்தாழச் சமமான ஆற்றலைச் சுமக்கிறது. நம் அமைப்பில் உச்ச இடத்தில் வளையங்கள் எழுபதுக்கு மேல். கணக்குப் போட்டுப் பார்த்தால் மொத்தத் திறனில் கருவுக்குக் கிடைப்பது 1.2 சதவீதம் மட்டுமே. அதே லேசரைச் சாதாரண லென்ஸால் குவித்தால் முக்கால்வாசிக்கு மேல் புள்ளிக்குள் இருக்கும். 10 வாட் லேசர் இருக்கிறது, லென்ஸில் இந்த வேலை நடந்தது, ஆக்சிகானிலும் நடக்கும் என்று நினைத்தால் நடக்காது. நீளம் வேண்டும் என்றால் அதன் விலை திறன். கற்றையைப் பெரிதாக்கி நீளத்தைக் கூட்டினால் வளையங்களும் கூடும், கருவின் பங்கு இன்னும் தேயும். தேவைக்கு மேல் நீளம் வைத்துக்கொள்வது சும்மா இருப்பதல்ல, ஆற்றலைத் தெருவில் கொட்டுவது.

படம் எடுப்பவர்களுக்கு இதே சிக்கல் வேறு முகத்தோடு வரும். மாதிரியைத் தாள் போன்ற மெல்லிய ஒளியால் பக்கவாட்டில் ஒளிரவைத்துப் பார்க்கும் ஒளித்தாள் நுண்ணோக்கியில் மெல்லிய நீண்ட கரு ரொம்ப வசதி, ஆனால் வளையங்களும் மாதிரியை ஒளிரவைத்துப் பின்னணியை மங்கலாக்கும். இரண்டு ஒளித்துகள்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து மாதிரியை ஒளிரவைக்கும் இரண்டு ஃபோட்டான் முறைக்குப் போனால் நிலைமை மாறும். முதல் வளையத்தின் செறிவு கருவில் 16 சதவீதம். இரண்டு ஃபோட்டான் கிளர்ச்சி செறிவின் வர்க்கத்தைச் சார்ந்தது என்பதால் அது 2.6 சதவீதமாகச் சுருங்கிவிடும். ஒற்றை ஃபோட்டானில்தான் எடுக்க வேண்டும் என்றால் கருவை ஒட்டிய குறுகிய கோட்டை மட்டும் கேமரா படிக்கும்படி செய்வார்கள். இந்த இரண்டில் ஒன்றும் இல்லாமல் 'பெசல் போட்டேன், படம் மோசமாகிவிட்டது' என்று புலம்புவதில் பொருள் இல்லை.

சுருக்கும்போது நீளம் வர்க்க அளவில் குறையும்

62 செ.மீ. நீளமும் 25 மைக்ரான் கருவும் கண்ணாடி வெட்ட உதவாது. அதனால் இரண்டு லென்ஸ் வைத்துக் கற்றையைச் சுருக்குகிறோம். இருபது மடங்கு சுருக்கினால் கருவின் ஆரம் 1.3 மைக்ரானுக்கு வந்துவிடும். நீளமும் இருபதில் ஒன்றாகி 3 செ.மீ. மிஞ்சும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். கற்றையின் ஆரம் இருபது மடங்கு குறைகிறது, சாய்வுக் கோணம் இருபது மடங்கு கூடுகிறது, ஆகவே நீளம் நானூறு மடங்கு குறைந்து 1.5 மி.மீ. ஆகிறது. மெல்லிய கண்ணாடியை ஒரே பல்ஸில் மேலிருந்து கீழ்வரை துளைக்க இது போதும். இந்த எண் முன்னரே தெரிந்திருந்தால்தான் சரியான லென்ஸ் வாங்க முடியும்.

கண்ணாடிக்குள் நுழைந்ததும் ஒளி விலகிச் சாய்வு குறையும், அதனால் உள்ளே கோடு காற்றில் இருப்பதைவிட நீளும், ஏறத்தாழ ஒளிவிலகல் எண் மடங்குக்கு. கருவின் அகலம் மாறாது. உள்ளே அலைநீளம் குறைகிறதே, கருவும் குறுகுமே என்று சிலர் திருத்தம் போடுவார்கள். சாய்வு குறைவதும் அலைநீளம் குறைவதும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன, திருத்தம் தேவையில்லை.

இங்கே இன்னொரு எச்சரிக்கை. ஆக்சிகானுக்கும் முதல் லென்ஸுக்கும் இடையே பெசல் கோடு ஓடுகிறது. செறிவு உச்சத்தில் இருக்கும் இடத்தில் லென்ஸை வைத்தால் முதலில் வெட்டுப்படுவது அந்த லென்ஸ்தான்.

முனை கூர்மையாக இல்லை

எந்தப் பட்டறையாலும் கணிதக் கூம்பின் முனையை இழைக்க முடியாது. நுனி கொஞ்சம் உருண்டிருக்கும், அந்த உருண்ட பகுதி ஒரு குட்டி லென்ஸாக வேலை செய்யும். அதிலிருந்து வரும் கோள அலை பெசல் அலையோடு குறுக்கிட, அச்சில் செறிவு ஏறி இறங்கித் துடிக்கும். கண்ணாடி வெட்டும்போது ஒரு ஆழத்தில் துளை, அடுத்த ஆழத்தில் ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டு வருவதற்கு இது ஒரு காரணம். உருண்ட பகுதியின் ஆரம் அரை மி.மீ. என்றால், நம் ஆக்சிகானில் முதல் 6 செ.மீ.யில் ஒழுங்கான பெசல் கற்றையை எதிர்பார்க்க முடியாது.

இங்கே செய்யும் தவறு மெல்லிய கற்றையை அப்படியே முனையில் விடுவது. காஸியன் கற்றையின் அதிகச் செறிவு நடுவில்தான், அதாவது ஆக்சிகானின் மிக மோசமான இடத்தில். கற்றையை விரித்து விட்டால் முனையின் பங்கு குறையும். அதற்கும் மேல் சுத்தம் வேண்டுமென்றால், சுருக்கும் முதல் லென்ஸின் குவியத்தளத்தில் நடுவில் ஒரு சிறு கரும்புள்ளி வைத்தால் போதும். அந்தத் தளத்தில் பெசல் ஒளி மெல்லிய வளையமாகத் தள்ளி நிற்கும், முனையின் ஒளி நடுப்பக்கம் கிடக்கும், பிரித்து மறைப்பது சுலபம்.

சாய்வும் மையமும்

ஆக்சிகானை லென்ஸ் மவுண்டில் திருகிவிட்டு மறந்துவிடக் கூடாது. பக்கவாட்டு நகர்வும் இரு திசைச் சாய்வும் தரும் மவுண்ட் வேண்டும். முதலில் தட்டைப் பக்கத்தின் எதிரொளிப்பு வந்த வழியே திரும்பும்படி சாய்வைச் சரிசெய்து, அப்புறம் தொலைவில் விழும் வளையம் சுற்றிலும் ஒரே பிரகாசத்தில் இருக்கும்வரை பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். சாய்வு மிஞ்சினால் வட்டக் கரு உடைந்து நான்கு கூர்முனை கொண்ட நட்சத்திரமாகி, உள்ளே கட்டம் கட்டமாகப் புள்ளிகள் தெரியும். எவ்வளவு சரிசெய்தாலும் நட்சத்திரம் போகவில்லையா, ஆக்சிகானை அச்சைச் சுற்றித் திருப்பிப் பாருங்கள். நட்சத்திரமும் கூடவே திரும்பினால் கூம்பு வட்டமாக இழைக்கப்படவில்லை என்று அர்த்தம், உங்கள் கைமேல் குற்றமில்லை. ஆனால் நேராகத் திரும்பும் அந்த எதிரொளிப்பு லேசருக்குள்ளேயே போகும் என்பதால், சக்திவாய்ந்த லேசரில் முன்னால் ஒரு ஐசொலேட்டர் (ஒளியை ஒரு திசையில் மட்டும் விடும் கருவி) அவசியம்.

வளையம் வேண்டியவர்களுக்கு

பெசல் பகுதியைத் தாண்டினால் ஒளி வளையமாக விரியும். ஒரு மீட்டரில் நம் அமைப்பு தரும் வளையத்தின் விட்டம் 16 மி.மீ., தடிமனோ 5 மி.மீ. எவ்வளவு தூரம் போனாலும் விட்டம்தான் கூடும், தடிமன் கற்றையின் ஆரத்தை ஒட்டியே நிற்கும். மெல்லிய வளையம் வேண்டுமென்றால் தூரம் போவதில் பயனில்லை, பின்னால் ஒரு லென்ஸ் வைக்க வேண்டும். 200 மி.மீ. லென்ஸின் குவியத்தளத்தில் 3.2 மி.மீ. விட்டத்தில் மெல்லிய வளையம் கிடைக்கும். லென்ஸ் இல்லாத வளையத்தில் கவனிக்க ஒன்று உண்டு: கற்றையின் நடு வெளியே போகிறது, ஓரம் உள்ளே வருகிறது. அதனால் வளையத்தின் குறுக்கே செறிவு ஒரே சீராக இருக்காது. வளையம் முழுக்கச் சமச்செறிவு என்று வைத்துச் சூடாக்கும் வேலையைத் திட்டமிட்டால் சூடு சீராக ஏறாது.

அளக்கும்போது

சுருக்கிய கற்றையின் கரு கேமராவின் ஒரு பிக்சலுக்குள்ளேயே அடங்கிவிடும். நுண்ணோக்கியின் முன் லென்ஸான ஆப்ஜெக்டிவ் வைத்துப் பெரிதாக்கித்தான் பார்க்க வேண்டும். அப்போது எண்துளை, அதாவது எவ்வளவு சாய்ந்து வரும் ஒளிவரை உள்ளே வாங்கும் என்று சொல்லும் எண், முக்கியம். இருபது மடங்கு சுருக்கிய நம் கற்றையின் சாய்வுக்கு ஈடான எண்துளை 0.16. எண்துளை 0.10 உள்ள 4 மடங்கு ஆப்ஜெக்டிவ் கையில் இருக்கிறதென்று அதைப் போட்டால் கூம்பாக வரும் கதிர்கள் எதுவும் உள்ளே நுழையாது, திரை இருண்டே கிடக்கும். லேசர் போய்விட்டது என்று பதறி மொத்த அமைப்பையும் கலைப்பார்கள். 0.25 உள்ள 10 மடங்கு போட்டால் போதும். பிறகு கருவின் பிரகாசம் கேமரா அளக்கக்கூடிய எல்லையைத் தாண்டாதபடி ஒளியைக் குறைத்துக்கொண்டு, ஆப்ஜெக்டிவை அச்சு நெடுக நகர்த்தி ஒவ்வொரு இடமாகப் படம் எடுக்க வேண்டும். ஓரிடத்தில் அழகான வளையங்கள் தெரிந்ததும் நிறுத்திக்கொண்டால் முனை தரும் துடிப்பு கண்ணில் படவே படாது.

இவ்வளவுக்கும் பிறகு, வேலைக்கு ஆக்சிகான் தேவையா என்பதே கேள்வியாகும் இடங்களும் இருக்கின்றன. சமதளத் தகட்டில் எழுத்துப் பொறிக்க, உயரம் மாறாத பரப்பில் பற்றவைக்க, மேற்பரப்பில் மட்டும் துளையிட எல்லாம் சாதாரண லென்ஸே போதும். அதில் திறன் வீணாகாது, வளையங்களின் தொல்லையும் இல்லை. ஆக்சிகான் தன் விலைக்கு வேலை செய்வது ஆழம் முழுக்க ஒரே அகலம் வேண்டும்போதும், மாதிரியின் உயரம் நிலையாக இல்லாதபோதும், வளையமே வேண்டும்போதும்தான்.