கடை கார்டின் ஒத்திவைத்த வட்டி: அமெரிக்கப் படையினர் கவனிக்க வேண்டியவை

கடை கார்டு, அதாவது கடை தரும் கிரெடிட் கார்டின் சலுகையில் வரும் '12 மாதத்துக்குள் முழுதும் கட்டினால் வட்டியில்லை' என்ற வரியில் 'கட்டினால்' என்பதுதான் பொறி. வட்டி முதல் நாளிலிருந்தே ஓரமாகச் சேர்ந்துகொண்டிருக்கும். 1,200 டாலர் பொருள், 30% வட்டி, மாதம் 100 டாலர் கட்டுவதாக வையுங்கள். கடைசி 100 டாலரைத் தவறவிட்டால், சுமார் 195 டாலர் வட்டி மொத்தமாக விழும்.

பில்லில் வரும் குறைந்தபட்சத் தொகையை நம்பாதீர்கள்; அது பெரும்பாலும் கெடுவுக்குள் கடனை முடிக்காது. தொகையை 11 ஆல் வகுத்து, மாதம் 110 டாலர் தானாகப் போகும்படி செய்யுங்கள். சலுகை முடியும் தேதி ஒவ்வொரு பில்லிலும் இருக்கும். அதே கார்டில் வேறு எதுவும் வாங்காதீர்கள், கட்டும் பணம் சிதறும்.

படைப் பணியில் சேருமுன் வாங்கிய கடனா? எஸ்சிஆர்ஏ (SCRA) என்ற படையினர் பாதுகாப்புச் சட்டப்படி பணிக்காலத்தில் வட்டி 6 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. மிச்சம் தள்ளுபடி, ஒத்திவைப்பு அல்ல. இது தானாக வராது என்பதால் பலர் இழக்கிறார்கள். பணி ஆணையின் நகலுடன் எழுத்தில் கேளுங்கள். பணி முடிந்து 180 நாள் வரை அவகாசம் உண்டு.

பணியில் இருக்கும்போது எடுத்த கார்டு என்றால் எம்எல்ஏ (MLA) என்ற படையினர் கடன் சட்டம்: கட்டணங்களையும் சேர்த்து 36% உச்சவரம்பு. வாழ்க்கைத் துணைக்கும் அது பொருந்தும்.