மதுரைப் பக்கம் நடந்து, சைக்கிள்ல, குதிரையில, படகுல சுத்திப் பாக்குறது எப்படி?

மதுரையில இருந்துக்கிட்டு ட்ரெக்கிங்னா கேரளாவுக்குத்தான் போகணும்னு நெனச்சு எத்தனையோ பேரு ஆசையை அப்படியே விட்டுடுறாங்க. நம்ம ஊர்லயே ஆரம்பிக்கலாம், ஆனா எல்லாத்தையும் ஒரே நாள்ல பண்ணாம ஒரு வாரம் நடை, அடுத்த வாரம் சைக்கிள், அதுக்கப்புறம் கொடைக்கானல்ல குதிரையும் படகும்னு வரிசையா போங்க, உடம்பு பழகிடும். டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் நல்ல நேரம்.

முதல்ல நடை: சமணர் மலை

நாகமலைக்குப் பக்கத்துல கீழக்குயில்குடி. காலையில 6 மணிக்கு அடிவாரத்துல நிக்கணும், 9 மணிக்குள்ள இறங்கிடணும், இதை மட்டும் மீறவே மீறாதீங்க. முக்காவாசி மொட்டைப் பாறைங்க, 10 மணி தாண்டுச்சுன்னா தோசைக்கல்லு மாதிரி காயும். நான் முதல் தடவ 11 மணிக்கு ஏறி, கையில அரை லிட்டர் தண்ணி, பாதியிலயே தலை சுத்தி உக்காந்துட்டேன், ஆடு மேய்ச்சுக்கிட்டிருந்த ஒரு அம்மாதான் தண்ணி குடுத்து மெதுவா கீழ கூட்டிட்டு வந்தாங்க. அதனால ஆளுக்கு 2 லிட்டர் தண்ணி கட்டாயம்.

அடிவாரத்துல தாமரைக்குளம், பெரிய ஆலமரம், அய்யனார் கோயில். அங்க இருந்து பாறையில வெட்டின படியில ஏறுனா பேச்சிப்பள்ளம் வரும், சுனைக்குப் பக்கத்துல தீர்த்தங்கரர் (சமண சமயத்தோட ஞானிங்க) சிற்பங்கள் வரிசையா இருக்கும், கீழ வட்டெழுத்துங்கிற பழைய தமிழ் எழுத்து. ஆயிரம் வருசத்துக்கும் மேல பழசு, தயவுசெஞ்சு மேல ஏறி நின்னு போட்டோ எடுக்காதீங்க, பேரு கிறுக்காதீங்க, கிறுக்கி வச்சிருக்கிறதைப் பாத்தா வயிறு எரியுது. மலையோட இன்னொரு பக்கம் செட்டிப்புடவு குகை, அதையும் பாத்துட்டு வாங்க.

இறங்கும்போதுதான் ஜாஸ்தி வழுக்கும். முட்டியை லேசா மடக்கி, சின்னச் சின்ன அடியா, முழுப் பாதமும் பாறையில படுற மாதிரி வைங்க. மழை பேஞ்ச மறுநாள் ஏறாதீங்க, பாசி இருக்கும். பாறை இடுக்குல மலைத்தேனீ கூடு தெரிஞ்சா சத்தம் போடாம விலகிடுங்க, சென்ட் அடிச்சுட்டுப் போகாதீங்க.

அடுத்து சைக்கிள்: அரிட்டாபட்டி

மேலூர் பக்கம், மதுரையில இருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர். புதுசா ஓட்டுறவங்க நாலுவழிச் சாலையில போக வேணாம், லாரி உரசிக்கிட்டுப் போகும், சைக்கிளை வண்டியில ஏத்திட்டுப் போயி ஊருக்குள்ள இறக்கிக்கங்க. சீட் உயரம் சரிபாக்க, குதிங்காலை பெடல்ல வச்சு கீழ அமுக்குனா கால் நேரா நிக்கணும், அதான் கணக்கு. மண் ரோட்டுல காத்து கொஞ்சம் கம்மியா இருந்தா பிடிமானம் நல்லா இருக்கும். ஸ்பேர் ட்யூபும் கைப்பம்பும் இல்லாம கெளம்பவே கெளம்பாதீங்க, சீமைக்கருவேல முள்ளு டயரை சும்மா விடாது.

கண்மாய்க் கரையில ஓட்டும்போது மாடு வந்தா இறங்கி நின்னு வழி விடுங்க, அது ஊர்க்காரங்க மாட்டை ஓட்டிட்டு தினப்படி போற பாதை. பாறைப் பக்கம் வந்ததும் சைக்கிளை நிறுத்திட்டு நடங்க. பாறையையே குடைஞ்சு செஞ்ச பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோயில், அதுல சிவனோட அவதாரமா சொல்ற லகுலீசர் சிற்பம், இன்னொரு பக்கம் சமண முனிவருங்க தங்குன கல் படுக்கையும் தமிழ்பிராமிங்கிற ரொம்பப் பழைய தமிழ் எழுத்தும். 2022 நவம்பர்ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமா அறிவிச்ச இடம் இது, லகுடு வல்லூறுங்கிற வேட்டைப் பறவையில இருந்து தேவாங்கு வரைக்கும் இருக்கு. அப்புறம் இங்க டங்ஸ்டன் உலோகத்துக்குச் சுரங்கம் தோண்ட ஏலம் விட்டாங்க, ஊர்ச்சனம் எல்லாம் திரண்டு நின்னு, 2025 ஜனவரியில அந்த ஏலத்தையே ரத்து பண்ண வச்சாங்க. அந்தப் பாறை மேல உக்காந்து கீழ கண்மாயைப் பாக்குறப்போ ஏன் அப்படி போராடுனாங்கன்னு நல்லாவே புரியும்.

குதிரை, படகு: கொடைக்கானல்

ஆரப்பாளையத்துல பஸ் இருக்கு. சொந்தக் கார்னா 2024 மே மாசத்துல இருந்து இ-பாஸ் வேணும், முன்னாடியே எடுத்துடுங்க. ஏரியைச் சுத்தி ஏறக்குறைய 5 கிலோமீட்டர் ரோடு, கரையிலயே குதிரை நிக்கும். ரேட்டையும் தூரத்தையும் ஏறுறதுக்கு முன்னாடியே பேசிடுங்க. குதிரைக்கு இடது பக்கமா ஏறணும், பின்னாடி போயி நிக்கவே கூடாது. கால் வைக்கிற வளையத்துல பாதத்தோட முன்பகுதி மட்டும், குதிங்கால் கீழ. கடிவாளத்தை இழுத்துப் பிடிக்காதீங்க, வாய் வலிக்கும் பாவம். முதுகுல புண்ணு இருக்கிற குதிரைன்னா "வேணாம்ணே, வேற குடுங்க"ன்னு சொல்லிடுங்க.

படகுக்கு லைஃப் ஜாக்கெட்டை ஏறுறதுக்கு முன்னாடியே மாட்டி கொக்கியைப் போடுங்க. குனிஞ்சு, படகோட நடுவுல கால் வச்சு, உடனே உக்காந்துடணும். துடுப்புப் படகுல போற திசைக்கு முதுகு காட்டித்தான் உக்காரணும், ரெண்டு துடுப்பையும் ஒண்ணா இழுத்தா நேரா போகும், வலது கையால மட்டும் இழுத்தா உங்க இடது பக்கம் திரும்பும். கையால மட்டும் இழுத்தா பத்து நிமிசத்துல தோள் போயிடும், முதுகைச் சாய்ச்சு இழுங்க. முதல் தடவ போட்காரரையும் கூட்டிக்கங்க, பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுப்பாரு.

திரும்பி வர்றப்போ வத்தலக்குண்டு வரைக்கும் வளைவுதான், வாந்தி வர்றவங்க முன் சீட்டுல உக்காருங்க, வயிறு முட்ட சாப்பிட்டுட்டு ஏறாதீங்க.