ரஷ்யச் சிறை டாட்டூ: ஊசி எடுக்கும் முன்

காந்திபுரத்திலோ திருப்பூரிலோ ஒரு பையன் போனில் எட்டுமுனை நட்சத்திரத்தைக் காட்டி, "இதே மாதிரி குத்தி உடுங்ணா" என்று கேட்டால், முதலில் அந்தப் படத்தில் அது உடம்பில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சோவியத் சிறைகளில் இடம்தான் பாதி அர்த்தம். காறை எலும்புக்குக் கீழே இருந்தால் திருடர் கூட்டத்தில் உயர்ந்த தகுதி. முழங்காலில் இருந்தால், யார் முன்னும் மண்டியிட மாட்டேன் என்ற அறிவிப்பு.

தேவாலயம் என்றால் குவிமாடங்களை எண்ணுங்கள். பெரும்பாலும் ஒன்றுக்கு ஒரு தண்டனை. கையில் ஐந்து புள்ளி: நான்கு காவல் கோபுரங்கள், நடுவில் கைதி. நெஞ்சில் லெனின், ஸ்டாலின்: தலைவர் முகத்தைச் சுடமாட்டார்கள் என்ற நம்பிக்கை. சிறைக்குச் சிறை, காலத்துக்குக் காலம் பொருள் மாறும். ஒற்றைக் குறியை வைத்து ஆளை முடிவு செய்யாதீர்கள்.

தகுதியில்லாமல் குத்தியவரை அங்கே அடித்து, தோலையே சுரண்டி எடுக்க வைத்தார்கள். அவமானப்படுத்த வலுக்கட்டாயமாகக் குத்திய குறிகளும் உண்டு. அதனால் மருத்துவம் படிக்க ரஷ்யா போகும் பிள்ளைகளுக்கு இவற்றைக் குத்தவே வேண்டாம்.

சிறை டாட்டூவின் அந்த மங்கிய நீலத்துக்காகக் கைதிகளின் முறையை யாரும் முயல வேண்டாம். ரப்பரை எரித்த கரியைச் சிறுநீரில் குழைத்து, சவர மெஷினில் கட்டிய கிட்டார் கம்பியால் குத்தினார்கள். சீழ் பிடித்தது, ரத்தம் வழி நோய் பரவியது. கடையில் வாங்கும் டாட்டூ மையிலேயே கறுப்பை நீர்த்து அந்தச் சாயலைக் கொண்டுவரலாம். முழங்கால் தோல் மடங்கி விரிவதால் கோடு சீக்கிரம் கலங்கும். கோட்டைத் தடிமனாகப் போடுங்கள். சாயப்பட்டறையில் வேலை பார்ப்பவர் என்றால், புண் ஆறும் 2, 3 வாரம் அந்த இடம் சாயத் தண்ணீரில் படவே கூடாது.