ஆஸ்திரேலியா ஹெக்ஸ் கடன்: ஜூன் 1க்கு முன்ன பாக்க வேண்டியது

எங்க பெரியம்மா மவன் மெல்பர்ன்ல இருக்கான், அங்க சிட்டிசன், படிப்பெல்லாம் ஹெக்ஸ்லதான், அதாவது அங்க கவர்மெண்ட் படிப்புக்குக் குடுக்குத கடன். ஆனித் தேருக்கு வந்தவன் போனை நீட்டி "யண்ணே, வட்டியே கெடையாதுன்னுதான சொன்னாங்க, பொறவு எப்பிடி ஏறிருக்கு?"ன்னான். அவனுக்குச் சொன்னதத்தான் எழுதுதேன்.

வட்டி இல்லங்கது நெசம்தான். ஆனா இண்டெக்ஸேசன் உண்டு, அதாவது வெலவாசிக்குத் தக்கன பாக்கிய ஏத்துவாங்க. நெல்லு கடன் மாதிரின்னு வைங்க, ஒரு கோட்டை வாங்குனா ஒரு கோட்டைதான் திருப்பி அளக்கணும், ஆனா நெல்லு வெலை ஏறிட்டா ரூவா கணக்குல கடன் கூடிருக்கும்லா, அதே கததான். 11 மாசத்துக்கு மேல பழசான பாக்கில வருசா வருசம் ஜூன் 1 அன்னைக்கு ஏத்துவாங்க. 2023ல 7.1 சதவீதம் ஏத்தி ஒரே கூப்பாடு. பொறவு சட்டத்த மாத்தி, வெலவாசி ஏத்தம் சம்பள ஏத்தம் ரெண்டுல எது கொறச்சலோ அதுதான்னு ஆக்கி, பழசையும் திருத்தி 2023க்கு 3.2, 2024க்கு 4ன்னு கொறச்சாங்க. 2025லயும் 3.2தான்.

நெறைய பேரு ஏமாறுத எடம் இதுதான். சம்பளத்துல மாசாமாசம் ஹெக்ஸுக்குன்னு பிடிக்காங்கல்லா, அது கடன்ல உடனே கழியாது. ஜூன் 30ல வரி வருசம் முடிஞ்சு, நீங்க டேக்ஸ் ரிட்டன் போட்டு, ஏடிஓ (அங்கத்த வரி ஆபீஸ்) கணக்கு பாத்த பொறவுதான் கழியும், அதுக்குள்ள ஜூன் 1 தாண்டி முழு பாக்கி மேல ஏத்திருப்பாங்க.

அதனால மே மாசம் மைகவ்ங்க கவர்மெண்ட் வெப்சைட்ல போயி ஏடிஓ பக்கத்துல பாக்கி எவ்வளவுன்னு பாருங்க. தேர் நோட்டீஸுக்குப் பின்னால நான் போட்டுக் காட்டுன கணக்கு: 30,000 டாலர் பாக்கி, 3.2ன்னா 960 ஏறும். முன்னாடியே 5,000 கட்டிட்டா 25,000க்கு 800தான், 160 மிச்சம். கட்டுததா இருந்தா மே நடுவுலயே கட்டிருங்க, பணம் போய்ச் சேர நாலு நாள் ஆவும், 31ந்தேதி ராத்திரி ஒக்காந்து கட்டிட்டு பொலம்பாதீங்க.

ஆனா கட்டணுமான்னு கேட்டா, எல்லாரும் கட்டணும்னு இல்லன்னுதான் சொல்லுவேன். வீட்டு லோன் வட்டி 6 சதவீதம் ஓடுதுன்னா அந்த 5,000ஐ ஆஃப்செட்ல (வீட்டு லோனோட சேந்த கணக்கு, அதுல கெடக்க பணத்தளவுக்கு லோன்ல வட்டி கெடையாது) போடுததுதான் லாபம், அவசரம்னா எடுத்துக்கவும் செய்யலாம், ஹெக்ஸ்ல கட்டுனது கட்டுனதுதான். புதுசா வீட்டு லோன் கேக்கப் போறவங்க மட்டும் கொஞ்சம் யோசிங்க, பேங்க்காரன் ஹெக்ஸையும் கணக்குல எடுப்பான்.

ஊர்ல வந்து 183 நாளுக்கு மேல இருக்கப் போறீங்கன்னா, கெளம்புன 7 நாளுக்குள்ள ஏடிஓவுக்குத் தகவல் குடுக்கணும், இங்க கெடைக்குத வருமானத்தையும் காட்டணும். ஊருக்கு வந்துட்டோம்னு இண்டெக்ஸேசன் நிக்காது.

இன்னொண்ணு, ஸ்டூடண்ட் விசால போன புள்ளைகளுக்கு ஹெக்ஸே கெடையாது. இங்க பேங்க்ல வாங்குன எஜுகேசன் லோன் வேற, அதுல படிக்கும்போதே வட்டி ஓடும், ரெண்டையும் கொழப்பாதீங்க.

தம்பி அடுத்த மே வந்ததும் 5,000ஐ ஆஃப்செட்லதான் போட்டான், ஹெக்ஸ் பக்கம் போவல.